நாய்ச் சாப்புத் தவிடு

தென்னந்தோட்டத்தின் கடைசி வேலியைத் தாண்டியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை; நானும் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு துணிமூட்டை, அதற்குள் ஒரு வேட்டி, ஒரு தகரக் குவளை. காலில் செருப்பு இல்லை. நெடுநாளாகவே இல்லாததால் அன்றைக்கு அதை ஒரு குறையாக எண்ணவில்லை.

அந்தத் தோட்டத்தில் கொப்பரை காவல் காப்பது என் வேலை. பிளந்த தேங்காய்களைக் களத்தில் காயப் போட்டிருப்பார்கள். காக்கை, கோழி, நாய் எதுவும் வாய் வைக்காதபடி மூங்கில் கழியோடு சுற்றி வரவேண்டும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு மெலிந்த நாய் வந்து ஒரு மூடியைக் கவ்வியது. கழியை வீசினேன். நன்றாகவே பட்டது. துரையின் நாய் அவ்வளவு மெலிந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

காலையில் கங்காணி வந்து, "துரைக்கு உன்னைப் பாக்கப் பிடிக்கல. நாய்க்கும் பிடிக்கல" என்றான். அதோடு அந்த வேலை முடிந்தது.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாகான் டாலாம் பக்கம் வந்தபோது பசி காதை அடைத்தது. ரோட்டோரம் ஒரு மாட்டுக்கொட்டகை. அதன் வாசலில் ஒரு பெண் அரை மூட்டைத் தவிட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பால் கறந்து விற்கிறவள் என்பது அவள் முறுக்கேறிய முன்கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"தம்பி, எங்க போற?"

"தெரியலக்கா."

"அப்பப் பினாங்குக்குப் போ. இந்தா, இதைத் தூக்கிக்க. படகுக் கூலி நான் குடுக்கறேன்."

போகிற இடம் எனக்குப் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

படகில் உட்கார்ந்ததும் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவள் மாடுகள் பல வருஷமாகத் தின்பது ஒரே தவிடு. பினாங்கில் சூலியா தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு ராவுத்தருடையது. பாகானில் ஒரு சில்லறைக் கடைக்காரன் அதை வாங்கி விற்பான். இந்த மாதம் வாங்கிய மூட்டையில் பாதிக்குப் பாதி மரத்தூள். மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு அவளையே பார்த்தனவாம். பால் பாதியாகிவிட்டது.

"ராவுத்தர் முன்னாடி இதைக் கொட்டிட்டு, நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் திரும்புவேன்" என்றாள். "நல்ல மனுசன்னு நெனச்சேன். நாய்ச் சாப்பை விட்டு வேற சாப்பை நான் கையால தொட்டதில்ல."

அங்கெல்லாம் வியாபாரக் குறியைச் சாப்பு என்பார்கள். எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே ஒவ்வொரு சரக்கின் சாக்கிலும் ஒரு படம் இருக்கும். யானைச் சாப்பு அரிசி, கப்பல் சாப்பு பிண்ணாக்கு என்று படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

என் காலடியில் இருந்த சாக்கைப் பார்த்தேன். கறுப்பு மசியில் ஒரு நாய். முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, காதை விறைத்துக்கொண்டு, நல்ல போஷாக்கோடு நின்றது. துரையின் நாயைச் சரியாகத் தீனி போட்டு வளர்த்திருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும். அது என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. சாக்கைத் திருப்பி வைத்தேன்.

சூலியா தெருவில் அந்தக் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. தவிட்டு வாசனை முனையிலேயே வந்து கூப்பிட்டது. உள்ளே தவிடு, பிண்ணாக்கு, உளுந்துப் பொட்டு, சோளம் என்று கூரைவரை மூட்டைகள். ராவுத்தர் வெள்ளைத் தொப்பியும் பனியனுமாய் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அக்கா என் தோளிலிருந்த சாக்கை வாங்கி அவர் காலடியில் கவிழ்த்தாள்.

"இந்தாங்க ராவுத்தரே, உங்க நாய்."

"என்ன நாய்?"

"உங்க நாய்ச் சாப்பு."

"என் கடைல நாய் ஏது தங்கச்சி? நம்ம சாப்பு சிங்கம்ல." அவர் எழுந்து ஒரு மூட்டையைத் திருப்பிக் காட்டினார். "இந்தா பாரு. சிங்கம்."

அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு தான் கொண்டுவந்த சாக்கைப் பார்த்தாள்.

"அது பழைய நாய்" என்றாள். "இது புது நாய். படத்தை நல்லா ஆக்கிட்டீங்க, தவிட்டைக் கெடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

கடையில் எடை போடும் ஆட்கள் இருவர் இருந்தார்கள். திடீரென்று இருவருக்கும் வேலை அதிகமாகிவிட்டது. ஒருவன் தராசு முள்ளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். தட்டில் ஒன்றுமில்லை.

"டேய், இதை நீங்க என்னடா சொல்வீங்க?" என்று ராவுத்தர் கேட்டார்.

"சிங்கம் முதலாளி."

"நான் இல்லாதப்ப?"

"நீங்க இல்லாதப்ப நாங்க பேசறதே இல்ல முதலாளி."

ராவுத்தர் என் பக்கம் திரும்பினார். "நீ யாரு?"

"சாக்குத் தூக்கிட்டு வந்தேன்."

"பசியாறினியா?"

"இல்ல முதலாளி."

"இந்தப் படம் என்னன்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அது பெருச்சாளி. ஆனால் பசியாறினாயா என்ற கேள்விக்கு அடுத்த கேள்வியாக அது வந்ததால், "சிங்கம்" என்றேன்.

"பாத்தியா? கண்ணுன்னா இது கண்ணு" என்று ராவுத்தர் என் முதுகில் தட்டினார்.

பிறகுதான் அவர் உட்கார்ந்து யோசித்தார். அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒருவன் புதிதாகத் தவிட்டுக் கிட்டங்கி போட்டிருப்பது அவருக்குத் தெரியும். அந்தக் கரையில் சனங்கள் நாய்ச் சாப்பு கேட்பதைக் கேட்டுவிட்டு, அவன் நிஜமாகவே ஒரு நாயை வரைந்து, மரத்தூளைக் கட்டி விற்கிறான். மாடு மெலிந்தால் திட்டு ராவுத்தருக்கு. இப்படியே இரண்டு மாதம் போனால் அக்கரையில் அவர் தவிட்டை யாரும் வாங்கமாட்டார்கள். அவர் வியாபாரத்தில் முக்கால்வாசி அக்கரையில்தான்.

"வக்கீல் ஆபீசுக்குப் போவோம்" என்றார். "தம்பி, ரெண்டு சாக்கையும் எடுத்துக்க. வந்து சாப்பிடலாம்."

அந்தக் காலத்தில் சாப்பைப் பதிந்து வைக்கச் சர்க்காரிடம் தனி ஆபீஸ் கிடையாது. இது என் சாப்பு, இத்தனை காலமாக இதை வைத்து விற்கிறேன் என்று வக்கீல் மூலம் சத்தியம் செய்து எழுதிக்கொடுக்க வேண்டும். பிறகு படத்தோடு பத்திரிகையில் ஓர் எச்சரிக்கை போட வேண்டும். அதைத்தான் எல்லாரும் பதிவு என்றார்கள். ராவுத்தர் இத்தனை காலம் அதைச் செய்யவில்லை. சிங்கத்தை யார் திருடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாராம்.

வக்கீல் துரை உள்ளறையில் இருந்தார். வெளியே எழுத்து வேலை பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி. ராவுத்தர் சாக்கோடு, படம் வெட்டிய தகரத் தகட்டையும் கொண்டுவந்திருந்தார். அதைச் சாக்கின்மேல் வைத்து மசியைத் தேய்த்தால் படம் விழும். கிராணி பேனாவைத் தொட்டுக்கொண்டு தொடங்கினார்.

"உம்மடை சாப்பு என்ன?"

"சிங்கம்."

"மற்றவன்ரை?"

"நாய்."

"சிங்கத்தைப் பார்த்து ஆராவது நாய் எண்டு மயங்குவினமோ?"

"எப்படி மயங்குவாங்க?" என்றார் ராவுத்தர் பெருமையாக.

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப முறைப்பாடு என்ன காணும்? அவன் நாய் விக்கிறான், நீர் சிங்கம் விக்கிறீர். ரெண்டுபேரும் சந்தோசமாய் இருங்கோ."

"மயங்கினது நான் இருக்கேனே" என்றாள் அக்கா. "எங்க பக்கத்தில அத்தனை மாட்டுக்காரங்களும் இதை நாய்னுதான் கேப்போம்."

"அவங்களுக்குச் சிங்கத்தைத் தெரியாதுங்க" என்றார் ராவுத்தர்.

"எங்க தெரியும்? சிங்கத்தைப் பாத்திருந்தா நான் ஏன் மாடு மேய்க்கறேன்? சிங்கம் படம் போட்ட சாக்கை முன்னால வச்சா மாடுதான் வாய வைக்குமா?"

கிராணிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியைத் துடைத்து அதை மறைத்தார். பிறகு மூலையில் சாக்கோடு நின்ற என்னைக் கூப்பிட்டார். "நீ வெளியாள். இதை முன்னம் பார்த்ததில்லை. பார்த்துச் சொல்லு, இது என்ன?"

எனக்குச் சட்டம் தெரியாது. சாப்பாடு யார் போடுகிறார் என்பது தெரியும். "சிங்கம்" என்றேன்.

"வழக்கு முடிஞ்சுது" என்றார் கிராணி.

ராவுத்தரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் விழுந்தது. "தம்பி, நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார்.

நான் இன்னும் பக்கத்தில் போய், தலையைச் சாய்த்து, ஆற அமரப் பார்த்தேன். "நல்லாப் பாத்தாலும் சிங்கம்தான் முதலாளி. நல்ல வீரமான சிங்கம்."

"அவ்வளவு நல்லாப் பாக்க வேணாம்" என்றார் அவர்.

நான் விழித்தேன். ஒரு சோற்றுக்காக ஒரே நாளில் இரண்டு வேறு பதில் தேவைப்பட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

ராவுத்தர் நாற்காலியில் சாய்ந்தார். "வேற வழி இல்லையா?" என்று கிராணியைக் கேட்டார்.

"சனங்கள் என்னவெண்டு கேட்டு வாங்கினமோ, அதுதான் உம்மடை சாப்பு. நீர் என்னத்தை நினைச்சு வெட்டினீர் எண்டது உம்மடை வீட்டு விசயம். சனம் இதை நாய் எண்டு சொல்லுது எண்டு நீரே சத்தியம் பண்ணினால், அவன்ரை நாயை நிப்பாட்டலாம். இல்லையெண்டால் ஏலாது."

"அஞ்சு வேளை தொழறவன் நான். என் சாக்கில நாய்னு என் வாயாலயே சொல்லணுமா?"

அக்காதான் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: "சொல்லிட்டு வாங்க ராவுத்தரே. அக்கரையில எல்லா மாடும் உங்க நாயை நம்பித்தான் இருக்கு."

ராவுத்தர் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். "சிங்கத்தை முன்னால போடுங்க" என்றார். "நாயைப் பின்னால போடுங்க."

கிராணி எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார்: சிங்கம் ஒன்றின் உருவம், வாங்குவோரால் நாய் என்று அழைக்கப்படுவது. வலப்பக்கம் நோக்கி நிற்பது. வாலைத் தூக்கியிருப்பது.

"வாலிலை குஞ்சம் உண்டோ?"

"இருந்துச்சு" என்றார் ராவுத்தர். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "புதுசா வெட்டினப்ப பிடரி மயிர் இழை இழையா இருந்துச்சு. மசி காஞ்சு அடைச்சுப்போச்சு." இடுப்புப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, பிடரி இருந்த இடத்தைச் சுரண்டப் போனார்.

"கை வைக்காதேயும்" என்று கிராணி பாதி எழுந்துவிட்டார். "இப்ப இருக்கிற மாதிரித்தான் பதியிறம். பிடரி வந்தால் நாய் போயிடும். நாய் போனால் உம்மடை சாப்பும் போயிடும்."

ராவுத்தர் ஆணியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளில் தகட்டை வைத்து மசி தேய்த்தார்கள். ஈரம் காயும்போது வக்கீல் துரை உள்ளறையிலிருந்து வந்து, தாளை எட்டிப் பார்த்து, மலாயில், "காம்பிங்?" என்று கேட்டார். ஆடா என்று அர்த்தம். கிராணி அதை எழுதவுமில்லை, எங்களுக்கு மொழிபெயர்க்கவுமில்லை. ஆனால் மலாய் எங்களுக்கும் தெரியும். ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

துரை முன்னிலையில் ராவுத்தர் சத்தியம் செய்தார். சிங்கத்தை உரக்கச் சொன்னார். நாயைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது; கிராணி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அக்கா கட்டைவிரலை மசியில் தொட்டு வைத்தாள். எச்சரிக்கையைப் பத்திரிகைக்கு அனுப்புவதாகவும், பிறைக்காரனுக்கு ஒரு நகல் போகும் என்றும் கிராணி சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா, "எனக்கு ஒரு மூட்டை நல்ல நாயாக் குடுங்க, அடுத்த படகுக்குப் போகணும்" என்றாள். கடைக்கு வந்ததும் ராவுத்தர் எடுத்துக் கொடுத்தார். காசும் வாங்கவில்லை.

சொன்னபடியே எனக்குச் சோறு கிடைத்தது. கடைக்கு எதிரில் காவடியில் சோறு கொண்டுவந்து விற்பவரிடம் மீன் குழம்போடு வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு முன்னால எங்க வேலை பாத்தே?"

"தென்னந்தோட்டத்தில முதலாளி. கொப்பரைக் காவல்."

"ஏன் விட்டுட்டே?"

"ஒரு நாயால."

ராவுத்தர் பெருமூச்சு விட்டார். "இங்கயும் அதேதான். படுத்துக்க. காலைல பேசுவோம்."

பிண்ணாக்கு மூட்டைகளின்மேல் படுத்தேன். கடினமான படுக்கைதான், ஆனால் நல்ல வாசனை. எலிகள் என்மேல் ஏறிப் போனதை விடிந்தபிறகு தராசுக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

காலையில் ராவுத்தர் காலிச் சாக்குகளை ஒரு பக்கமும், மசிச் சட்டியை ஒரு பக்கமும் வைத்து, தகட்டை என் கையில் கொடுத்தார். சாக்குக்குச் சாப்பு அடிக்கிற வேலை. இனி ஒவ்வொரு சாக்கிலும் வக்கீல் ஆபீசில் இருக்கிற தாளைப் போலவே அச்சாக விழவேண்டும் என்றார். படம் வரைய வருமா என்று கேட்டார். வராது என்றேன். ரொம்ப நல்லது என்றார்.

தகட்டில் பழைய மசி மண்போல் அப்பியிருந்தது. எந்த வேலையிலும் முதலில் சாமானைச் சுத்தம் செய்துகொள்வது என் பழக்கம். மண்ணெண்ணெய்ப் புட்டியையும் ஒரு கந்தல் துணியையும் தேடி எடுத்தேன். ராவுத்தர் பெட்டிமேலிருந்து இறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"கழுவிடாத தம்பி" என்றார். "கழுவினா சிங்கமாயிடும்."