வர்த்கேஸ் கேட்கும் கேள்வி

பெய்ரூட்டை ஒட்டிய புர்ஜ் ஹம்மூதில் வர்த்கேஸ் கடைக்குப் பவர் பேங்க் வாங்கப் போனால் முதலில் கேள்விதான் வரும்: "வீட்டுக்கா, பயணத்துக்கா?"

"வியாபாரம் பண்றீங்களா, போலீஸ் விசாரணையா?" என்று நானே ஒருமுறை எரிந்து விழுந்தேன். பக்கத்துக் கடைக்காரன் என்பதால் அன்று காரணத்தைச் சொன்னார்.

மகன் நாரேக் மான்ட்ரியலுக்குக் கிளம்பியபோது சின்னதாக ஒன்று கேட்டிருக்கிறான். இவர் செங்கல் கனத்தில் இருந்ததைக் கொடுத்தார்.

"அங்க கரண்ட் போகாதுப்பா."

"கரண்ட் போகாத ஊர் எங்கடா இருக்கு? பேசாம வச்சுக்கோ."

அவ்வளவு பெரியதை விமானத்தில் ஏற்றக்கூடாதென்று பெய்ரூட் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள். சார்ஜரோ ஏற்கெனவே பெட்டியோடு போய்விட்டது. விமானம் மாற இஸ்தான்புல்லில் இறங்கியதும் கூப்பிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தான். போன் வழியிலேயே அணைந்துவிட்டது. நோயில் படுத்திருந்த அம்மா சிர்வார்ட் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டே காத்திருந்தாள். சாயங்காலம் அவள் மூச்சு நின்றது.

மான்ட்ரியலில் பெட்டி கைக்கு வந்தபிறகுதான் நாரேக் கூப்பிட்டான். எடுத்தவர் வர்த்கேஸ்.

"அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றானாம்.