மாங் நாத்தோவின் இரண்டு விரல்கள்

பிலிப்பைன்ஸில் எங்கள் ஊரான பொராக்கின் கரும்புக்காட்டு ஓரத்தில் ஞாயிறுதோறும் ரிமோட் விமானம் விடுகிற எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறக்கையில் குறித்த கோட்டுக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். தூக்குகிறவன் அதைச் செய்தவனாக இருக்கக் கூடாது. பெற்றவன் விரல் பொய் சொல்லும்.

எங்கள் எல்லோருக்கும் தூக்கிப் பார்த்தவர் மாங் நாத்தோ; மாங் என்பது வயதில் மூத்தவரை எங்கள் ஊரில் அழைக்கும் மரியாதைச் சொல். பல்செட் செய்பவர். எவனுடைய விமானத்தையும் அவர் விட்டுவைத்ததில்லை. "வால் கனம். மூக்குல ஈயத்தை வைடா. அழகைத் தரையில வெச்சுப் பாத்துக்க" என்று இளிப்பார். அடுத்தவன் முகம் தொங்கிப்போவதில் அந்த மனுஷனுக்கு அப்படி என்ன ருசியோ.

பிறகு அவரே ஒன்று செய்தார். பழைய போர் விமானத்தின் அச்சு அசலான குட்டி. மூன்று வருஷ உழைப்பு. ஆணித்தலை ஒவ்வொன்றையும் பசைச் சொட்டாக வால்வரை வைத்தார். அதன்மேல் வண்ணம், பூச்சுக்குமேல் பூச்சு. வாலில் ஏறும் எடைக்கு மூக்கில் மூன்று பங்கு ஈயம் வேண்டும். ஆனால் மூக்கில் அசல் போலவே இன்ஜின் செதுக்கி ஒட்டியிருந்தார். ஈயம் வைக்க அதைப் பெயர்க்க வேண்டும். மனசு வரவில்லை.

"குடுங்கண்ணே, நான் தூக்குறேன்" என்றேன்.

"உன் விரலா? பன்னிக்கறி எண்ணெய் இன்னும் சொட்டுது, போடா."

அவரே தூக்கினார். விமானம் சமமாகத்தான் நின்றது; ஆனால் விரல்கள் கோட்டைவிட்டு வால் பக்கம் நழுவியதைக் கண்ணால் பார்த்தேன்.

"அண்ணே, விரல் பின்னால போயிருச்சு."

"வயித்தெரிச்சல் புடிச்சவனே! எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இவரிடம் திட்டு வாங்கி ஈயம் வைத்தவர்கள்தான் அத்தனை பேரும்.

விமானம் தரையை விட்டதுமே மூக்கு வானத்தைப் பார்த்தது. அவர் ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தார், அது கேட்கவில்லை. செங்குத்தாக எழும்பி, ஒரு கணம் நின்று, பின்பக்கமாகவே விழுந்தது. வால் முறிந்து கரும்புக்குள் போய்விட்டது. கைதட்டியவர்கள் தங்கள் விமானங்களைத் துடைக்கப் போனார்கள்.

அழுவார் என்று நினைத்தேன். நாத்தோ மண்ணில் கிடந்த மிச்சத்தை எடுத்தார். இந்தத் தடவை விரலைச் சரியாகக் கோட்டின்மேல் வைத்துத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"நல்லாப் பாருடா. கோட்டுலதான வெச்சிருக்கேன்? சமமா நிக்குதா இல்லியா?"

நின்றது. வால்தான் இல்லை.