லோரன்ஸின் மீன் வேனும் ஒரு சாண் நீளமான கியர் பாக்ஸும்

ஒரு வண்டியின் உறுப்பை இன்னொரு வண்டிக்கு வைக்கும் வேலையில், வைப்பது எளிது. பக்கத்தில் இருப்பவற்றைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு. பழைய வண்டி வைத்து அழுதவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாறசாலையில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருந்தது. எங்கள் தாலுகா மலையாள நாட்டை விட்டுத் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டமும், கூடாது என்று ஒரு கூட்டமும் ரோட்டில் கொடி பிடித்து நடந்த வருஷங்கள் அவை.

ஒரு சாண் அதிகம்

பூவாறு லோரன்ஸ் அண்ணனின் வேன், ராணுவம் ஏலத்தில் விட்ட பழசு. கரையில் எடுக்கும் மீனைக் காட்டாக்கடை சந்தைக்குக் கொண்டுபோகும். கியர் பாக்ஸ் பல் உடைந்து நின்றுவிட்டது. அதே மாதிரி கிடைக்காமல், நாகர்கோவில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஏதோ லாரியின் கியர் பாக்ஸை வாங்கி வந்தார். முந்தையதைவிட ஒரு சாண் நீளம். அங்கிருந்து பின் அச்சைச் சுழற்றும் ஜாயின்ட் ஷாஃப்டுக்கு இப்போது இடம் போதவில்லை. வெட்டி ஒட்ட வேண்டும் என்றேன்.

அவருக்கு அவசரம். மீன்பாடு, மீன் குவியும் பருவம், தொடங்கியிருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்போது மாதா கோயில் முற்றத்தில் எந்த வண்டி நிற்கிறதோ, அதற்குத்தான் அந்தப் பருவத்து மீன் என்பது அவர்கள் கரையின் வழக்கம். இல்லையென்றால் விழிஞ்ஞத்துக்காரர் ஒருவர் தன் வேனோடு தயாராக இருந்தார். அண்ணன் சொன்னார்: "வண்டி போச்சுன்னா நான் மறுபடி வள்ளத்தில ஏறணும். இந்த வயசில கடலுக்கு என்னைய வேண்டாம் மக்கா."

காலி வண்டியின் அளவு

பின்பக்கத்தைக் கல் வைத்து உயர்த்தி, சக்கரம் தொங்க, அளவு எடுத்தேன். குறித்துக்கொண்டு எழும்போது அண்ணன் கேட்டார், மீனும் அதன் மேல் கூடைக்காரிகளும் ஏறினால் அச்சு இதே இடத்திலா இருக்கும் என்று. இருக்காது. பாரத்தில் பட்டை வில் தட்டையாகும், அச்சு மேலே ஏறி இடைவெளி குறையும். நான் எடுத்த அளவில் ஷாஃப்ட் போய் முட்டி, புது கியர் பாக்ஸையும் உடைக்கும். எங்கள் பக்கத்தில் மீன் வேன் காலியாக ஓடி யார் பார்த்தது? பாரத்தோடுதான் அளக்க வேண்டும். அன்று ஊரெங்கும் கடையடைப்பு, பாரத்துக்கு எங்கே போவது?

அப்போது தமிழ்க் கூட்டத்தின் ஊர்வலம் ஒன்று வந்தது. அண்ணன் வழிமறித்துக் காரியத்தைச் சொன்னார். கோஷத்தை நிறுத்திவிட்டு ஏறினார்கள். போதவில்லை. மூடிய டீக்கடை பெஞ்சில் முறைத்துக்கொண்டிருந்த எதிர்க் கூட்டத்தாரையும் கூப்பிட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர்களும் ஏறினார்கள். நான் வண்டிக்கு அடியில் படுத்து அளந்தேன். மேலேயிருந்து ஒரு குரல்: "எலே, அளந்து தீந்துதா? இவனுக்க முட்டு எனக்க விலாவில குத்துது, கோஷம் போடவும் முடியல்ல."

சாக்கில் சுற்றிய குழாய்

கேஸ் வெல்டிங் நெய்யாற்றின்கரையில்தான் உண்டு. பஸ் இல்லை. ஷாஃப்டைச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டி மிதித்தேன். அமரவிளை பக்கம் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். அந்த நாட்களில் நீளமான இரும்புக் குழாயோடு போகிறவனை என்னவென்று நினைப்பார்கள்? "ஏமானே, மீன் வேன், ஞாயிற்றுக்கிழமை, பூசை" என்று உளறினேன். அவர் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். அவரே திரும்பக் கட்டிக்கொடுத்தார்: "மீன் இல்லாம மரச்சீனிக் கிழங்கு தொண்டைல எறங்கல்ல. வேகம் போ, டே."

பின்வாசல்

வெல்டர் பாஸ்கரன் கடையை அடைத்திருந்தார். அவர் எதிர்க் கூட்டத்தில் முன்வரிசைக்காரர். நான் தமிழ்ப் பக்கத்துக் கூட்டங்களில் கைதட்டியவன். அது அவருக்கும் தெரியும். ஒன்றும் கேட்காமல் பின்வாசலைத் திறந்தார். குழாயின் நீளத்துக்கும் ஒரு சாக்பீஸ் கோடு இழுத்தார். இரு முனையிலும் உள்ள கவை வடிவப் பிடிகள் ஒரே நேரில் நிற்காவிட்டால் ஓடும்போது வண்டி உதறும். வெட்டி, கோடு பிசகாமல் ஒட்டினார். கியர் பாக்ஸ் பக்கத்துத் தட்டில் புது போல்ட்டுகளுக்கேற்ப துளைகளும் போட்டார். உங்கள் ஆட்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை: "கண்டா எந்தா? அவன்மாருக்கும் வண்டி உண்டு. அதும் ஒரு நாள் ஒடியும்."

முற்றம்

ஷாஃப்டைக் கொண்டுவந்து மாட்டி, ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் பூவாறு போய்ச் சேர்ந்தபோது பூசை பாதி ஆகியிருந்தது. விழிஞ்ஞத்துக்காரரின் வேன் மதிலுக்கு வெளியே காத்து நின்றது. எங்கள் வண்டி உள்ளே நுழைந்ததும் அவர் அண்ணனுக்குக் கையசைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். முதல் பாரம் ஏறி வண்டி புறப்பட்டபோது நான் அடியிலிருந்து வரும் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். முட்டவில்லை. உதறவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் மீனுக்கு மேல் இருந்த அவர் மனைவி மேரி அக்காதான் பேசினார்: "ஓட்டம் கொள்ளாம், நல்லா இருக்கு. இனி வண்டிக்க கூரை ஒழுகாம பாத்துத் தா, மக்கா."

எல்லை பிறகு எங்களுக்குத் தெற்கே போனது, நாங்கள் மலையாள நாட்டிலேயே நின்றோம். எனக்கு வருத்தம்தான், ஆனால் வேலை வந்துகொண்டேயிருந்தது, இரண்டு கூட்டத்திலிருந்தும். எதிர்க் கூட்டத்தின் வண்டிக்குப் பாரமாக என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் ஏறியிருப்பேனா? ஏறியிருப்பேன் என்று சொல்ல ஆசை. ஐம்பது வயது தாண்டியும் உறுதியாகச் சொல்ல வரவில்லை.

ஊர் என் கைராசி என்று சொல்வதில் பாதிக்கு மேல், நான் பெயர்கூடக் கேட்காத, வண்டியில் பாரமாக ஏறி உட்கார்ந்த மனிதர்களின் உடல் கனம்.