காக்காவுக்கு இறைத்த நெத்திலி

ஊரூர் குப்பத்தில் காகங்களுக்கு ஜென்ம விரோதி யார் என்று கேட்டால் எல்லோரும் கங்கம்மாவைத்தான் காட்டுவார்கள். மணலில் நெத்திலியைக் காயப்போட்டுவிட்டு அவள் விடும் வசவுக்கு, காகம் என்ன, மனிதர்களே ஒதுங்கிப் போவார்கள். வாய்தான் அப்படி. மனசு முழுக்க மகள் வசந்தி.

பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்டு, வசந்திக்கு வலது கை துவண்டு போயிருந்தது. நாலு வயதாகியும் அது தானாக எழும்பவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் வருஷம், ஆஸ்பத்திரியில் கை காலுக்குப் பயிற்சி கொடுக்கும் அஃப்சருன்னிசா, தோல்வாரும் அலுமினியத் தகடும் வைத்த ஒரு பட்டையை மாட்டிவிட்டாள். கை தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நின்றது. கங்கம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதன்பிறகு பட்டையைக் கழற்ற அவளுக்கு மனமே வரவில்லை. போதாக்குறைக்கு, மகளை நெத்திலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் நீட்டிய கையைக் கண்டு காகங்கள் கிட்டவே வரவில்லை. கங்கம்மா பூரித்துப் போனாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அஃப்சருன்னிசா தோல்வாரை முகர்ந்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"தினமும் கொஞ்ச நேரம் கழட்டச் சொன்னேனே கங்கம்மா?"

"கயட்டினா கை தொங்கிடும்மா. இப்போ எவ்ளோ ஜோரா நிக்குது!"

"நிறுத்தி வெச்சிருக்கிறது பட்டை. கை கோணிக்காம அது பாத்துக்கும், அவ்வளவுதான். தூக்க வேண்டியது வசந்தி. அவளுக்கே தூக்கணும்னு தோணணும்."

கங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து தவறாமல் கழற்றினாள். பந்து காட்டினாள், பலூன் காட்டினாள். வசந்தி எல்லாவற்றுக்கும் இடது கையையே நீட்டினாள். இனி எழும்பவே எழும்பாதோ என்று நினைத்துக்கொண்டே பெற்றவள் மறுபடி பந்தை எடுத்தாள்.

ஒரு நாள் காலை, பட்டை கழற்றியிருந்த நேரம். வசந்தியின் இடது கையில் பொரியுருண்டை. இதுதான் சமயம் என்று ஒரு காகம் வந்து நெத்திலியில் வாய் வைத்தது.

"ச்சூ! போ!" என்று கத்தினாள் வசந்தி. உருண்டையை விட மனசில்லை. வலது கை நடுங்கிக்கொண்டே மடியை விட்டு ஒரு சாண் எழும்பியது. காகம் பறந்துவிட்டது.

கங்கம்மா கூடையை அப்படியே போட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஏய், எங்கடா போறே? வாடா என் ராசா!" என்று காகத்தைக் கூப்பிட்டுக்கொண்டே, நெத்திலியை இரண்டு கையாலும் அள்ளி மகள் முன்னால் இறைத்தாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த புருஷன் ரங்கன் ஓடி வந்தான். "இன்னாமே, பைத்தியம் புடிச்சிக்கீதா? காக்காவுக்கு மீன வாரி உடுறே?"

"நீ தள்ளி நில்லுயா," என்றாள் கங்கம்மா. "உன்னப் பாத்து காக்கா பயப்படுது!"