சங்கிலிப்பாண்டி விற்கும் வண்டி

சாவியைத் திருகியவுடன் சங்கிலிப்பாண்டி தலையைச் சற்றே சாய்த்துக்கொள்வார். எஞ்சின் முதலில் இருமும். பிறகு புகைபோக்கியின் வாயிலுள்ள தகர மூடி துள்ளத் தொடங்கும். அதன் பின்னரே ஓசை ஒரு நிதானத்துக்கு வரும். அந்த நிதானம் வரும்வரை அவர் மூச்சு விடுவதில்லை என்று எனக்குத் தோன்றும். டிராக்டர் ஓர் அடியும் நகர்வதில்லை. ஓலைக் கொட்டகைக்குள் நின்றபடியே, ஒருவர் வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம்வரை அது உறுமிக்கொண்டிருக்கும். பிறகு அணைத்துவிடுவார். இலஞ்சியில் எங்கள் தெருவுக்கு நாள்தோறும் இப்படித்தான் பொழுது விடிகிறது.

அந்த வேளையில் அவருடைய மனைவி குழல்வாய்மொழி வீட்டில் இருப்பதில்லை. வாசலிலேயே குழாய் இருக்க, குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விடுகிறார். ஓசை அடங்கிய பிறகுதான் திரும்புவார். பல நாட்கள் அந்தக் குடத்தில் தண்ணீர் இருப்பதில்லை.

“ஓட்டாமப் போட்டா எஞ்சின் பிடிச்சுக்கிடும் ஆச்சி. வாங்குதவன் வந்து பாக்கையில ஒரே சாவில எடுக்கணும்லா?” என்று எதிர்வீட்டுக்காரியான என்னிடம் ஒருமுறை விளக்கினார். வாங்குபவர் வருவதும் போவதுமாக ஆண்டுகள் சில கழிந்துவிட்டன. வண்டி விற்கவில்லை.

அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. உயரமானவர், நடக்கும்போது ஒரு தோள் மட்டும் முன்னே செல்லும். எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் கையில் ஏந்தித் தூக்கிப் பார்ப்பார். செம்பு, பூட்டு, மண்வெட்டி, குடை என்று எதுவும் அந்தச் சோதனைக்குத் தப்பாது. “லேசா இருக்கே, இது எங்கன நிக்கும்?” என்று கேட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். குற்றாலத்தில் சாரல் காலத்துக் கடைகளில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் வாளிகளை அவர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. தென்காசித் தேரடியிலுள்ள பாத்திரக் கடைக்காரர், இவரைத் தொலைவில் கண்டதும், “பாண்டி அண்ணாச்சி வாராரு, அந்தத் தராச எடுத்து உள்ள வையி” என்று உரக்கச் சொல்வாராம். அதற்கு இவரும் சிரிப்பாராம். சிரித்த காலத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அவர் டிராக்டர் வாங்கியது எழுபத்து நான்காம் ஆண்டில். ஊரில் மற்றவர்கள் பதிவு செய்துவிட்டு, எந்த வண்டி முதலில் வருகிறதோ அதை வாங்கிக்கொண்டு வந்தார்கள். இவர் அப்படி வாங்கவில்லை. விற்பவர்களிடம் விசாரிப்பதில் பயனில்லை என்பது அவருடைய கொள்கை. பேருந்தேறிப் புளியங்குடிக்கும் கடையநல்லூருக்கும் போவார். பழைய டிராக்டர் எந்த வீட்டில் நிற்கிறது என்று கேட்டறிந்து, அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். “வாங்கி எத்தன வருசம் ஆச்சு? இது வரைக்கும் என்னென்ன மாத்துனீய? மழையில நனஞ்சா எப்படி எடுக்குது?” என்றெல்லாம் கேட்பார். மோர் கொடுத்தால் குடிப்பார். புறப்படும்போது கடைசியாக, தாழ்ந்த குரலில், ஒரு கேள்வி எஞ்சியிருக்கும்: “தப்பா நெனைக்காதீய. இந்த வண்டியில யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?”

அந்தக் கேள்வி இந்த வட்டாரத்துக்கே உரியது. ஓர் உயிரைக் கொண்ட வண்டியைக் ‘காவு வாங்கின வண்டி’ என்பார்கள். அதை வைத்திருப்பவரும் இல்லை. தெரிந்து வாங்குபவரும் இல்லை. வாய் திறவாமல் வேறு மாவட்டத்துக்குத் தள்ளிவிடுவதே வழக்கம். புது வண்டி வாங்கப் போகிறவருக்கு அந்தக் கேள்வி எதற்கு என்று கேட்டால், “அந்த ரகமே ஆகாதோ என்னமோ! கேட்டு வைக்கது நல்லது” என்பார். ஓராண்டு இப்படி அலைந்து, ஒரு சிவப்பு டிராக்டரைத் தேர்ந்தெடுத்தார். இன்றளவும் அதன் எஞ்சினைப் பிரித்ததில்லை. அவருடைய தேர்வில் பிழையில்லை.

பிழை நேர்ந்தது, டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் டிரெய்லரில். அதை எங்கள் பக்கத்தில் பெட்டி என்பார்கள். கடையில் ஆயத்தமாக விற்ற பெட்டிகளையும் அவர் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அவை அசைந்து கொடுத்தன. அதனால் அவருக்குப் பிடிக்கவில்லை. செங்கோட்டைக்குப் போய்த் தேக்குப் பலகை எடுத்தார். பழைய லாரியின் அச்சு ஒன்றைத் தேடிப் பிடித்தார். தென்காசியில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து, கொல்லர் கேட்டதைவிட இரு மடங்கு இரும்பைக் கொடுத்துச் செய்வித்தார். அது தெருவுக்கு வந்து சேர்ந்த நாளில் நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். சக்கரம் உருண்டபோது எங்கள் வீட்டு நிலைக்கதவு அதிர்ந்தது.

டிராக்டரை ஓட்டி வந்தவன் அவருடைய ஒரே மகன் முத்துக்குமாரசாமி. இறங்கி வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

“யப்பா, இதுக்குத் தனியா பிரேக் கெடயாது. வெறும் பெட்டியே இந்தக் கனம் கனக்கு. லோடு ஏத்துனா எறக்கத்துல டிராக்டரத் தள்ளிக்கிட்டு வந்துராதா?”

“ஏலே, இப்பமே பயப்படுதியா? ஒனக்குப் பொறவு ஒம் மவன் ஓட்டணும்லே. அவன் கையில குடுக்கும்போதும் ஒரு பலக ஆடக் கூடாது.”

“மொதல்ல எனக்குப் பொண்ணப் பாருங்க. அதையும் தூக்கிப் பாத்துத்தான் எடுப்பியளோ?”

தெருவே சிரித்தது. குழல்வாய்மொழி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். பெட்டியின் பின்பலகையில் மகனின் பெயரை மஞ்சள் நிறத்தில் பெரிய எழுத்துகளாக எழுதுவித்தார் சங்கிலிப்பாண்டி. நெல், எரு, செங்கல், வாழைத்தார் என அந்தப் பெட்டி சுமக்காதது இல்லை. முத்துக்குமாரசாமி ஆறு ஆண்டுகள் அதை ஓட்டினான். இறக்கம் வந்தால் மெதுவாகச் செல்வான். சுமையை இரண்டு நடையாகப் பிரித்துக்கொள்வான்.

எண்பதாம் ஆண்டு ஆனி மாதத்தில், வீட்டுக்குப் பின்புறம் சுவர் எழுப்புவதற்காகப் பழைய குற்றாலத்துப் பக்கமிருந்து கருங்கல் கொண்டுவர வேண்டியிருந்தது. சாரல் தொடங்கியிருந்தது. “ரெண்டு நடையா அடிச்சுக்கிட்டிருக்காத. பெட்டி தாங்கும்லே. ஒரே நடையில கொண்டாந்துரு” என்று தகப்பனார் வாசலில் நின்று சொன்னதைத் தெருவில் பலரும் கேட்டோம். அந்தச் சொற்களில் பெருமையைத் தவிர வேறொன்றும் இல்லை.

பெட்டி தாங்கியது. நனைந்த இறக்கத்தில், வளைவுக்குச் சற்று முன்னால், அத்தனை கல்லையும் சுமந்தபடி அது டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளியது. டிராக்டர் குறுக்கே மடங்கி, சாலையோர வாய்க்காலுக்குள் கவிழ்ந்து, ஓட்டியவனைத் தனக்கு அடியில் வைத்துக்கொண்டது. பெட்டியோ கொக்கி விடுபட்டுச் சாலையில் நேராக நின்றது. ஒரு கல்லும் கீழே விழவில்லை.

காவல் நிலையத்திலிருந்து வண்டி திரும்பி வந்தபோது, டிராக்டரின் ஒரு பக்கத்து மட்கார்டு மட்டும் நசுங்கியிருந்தது. அதைத் தட்டி நேராக்கினார்கள். அன்று கொட்டகைக்குள் சென்றவை இரண்டும் பின்னர் வெளியே வரவில்லை. தமது வயலை உழுவதற்கு, அடுத்த தெருவிலிருந்து வேறொருவருடைய டிராக்டரை வாடகைக்கு அழைக்கிறார் சங்கிலிப்பாண்டி. அது உழுது முடிக்கும்வரை முதுகைத் திருப்பிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார்.

வண்டியை விற்றுக் கொடுப்பதற்கு முதலில் வந்தவர் கடையநல்லூர்த் தரகர் மசூது. பழைய வண்டிகளை விற்றுத் தருவதில் கெட்டிக்காரர், வேடிக்கையாகப் பேசுபவர். திருச்சிப் பக்கத்திலிருந்து ஓர் ஆளை அழைத்து வந்தார். அந்த ஆள் எஞ்சினைக் கேட்டார், டயரை அமுக்கினார், திருப்தியடைந்தார். அப்போது சங்கிலிப்பாண்டி தாமாகவே தொடங்கினார். “பேட்டரி அடுத்த வருசம் மாத்தணும். எடது பக்க டயர் ரீட்ரெட் பண்ணுனது. பெட்டியில பலக ஒண்ணுகூட வெடிக்கல்ல. எம் மவன் இதுலதான் போனான்.” அனைத்தையும் ஒரே குரலில், ஒரே வரிசையில் சொன்னார். வந்தவர் டயரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு மசூது தலையில் கை வைத்துக்கொண்டார். “அண்ணாச்சி, நீரு வண்டி விக்கீரா, வாக்குமூலம் குடுக்கீரா? அவரு கேட்டாரா? கேக்காதவனுக்கு எதுக்கு வே பதில் சொல்லுதீரு?”

“நான் வாங்குத காலத்துல கேட்டேன் பாய். கேட்ட எடத்துலல்லாம் உண்மையச் சொன்னாங்க.”

“சரி, பெட்டியில இருக்க அந்தப் பேரையாவது பெயிண்ட் அடிச்சு மறைப்போம்.”

“அதத் தொடப்படாது.”

மசூது அதன் பிறகும் ஆட்களை அழைத்து வந்தார் என்பதுதான் வியப்பு. பணத்துக்காக அவர் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பேட்டரி, அதே டயர், அதே பலகை, அதே மகன். சிலர் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். ஒருவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். “டிராக்டர் போகட்டும், அந்தப் பெட்டியையாவது ஒடைச்சுப் போடும். பலக கதவுக்கு ஆகும்” என்றார் தச்சர் ஒருவர். அன்று மாலை சங்கிலிப்பாண்டி பெட்டியின் அச்சுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

சென்ற புரட்டாசியில் ஒருநாள், எதிர்வீட்டு மதிலுக்கு அப்பாலிருந்து குழல்வாய்மொழியின் குரல் கேட்டது. அவர் உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

“தீவாளிக்குள்ள இது போவணும், இல்ல நான் போவணும். சுரண்டையில எங்கண்ணன் வீட்டுல எனக்கு ஒரு பாய் விரிக்க எடமிருக்கு.”

“விக்கத்தானே செய்யுதேன் குழலு.”

“நீங்க விக்கல்ல. ஊருல ஒவ்வொருத்தனாக் கூப்புட்டு, அவன் செத்ததச் சொல்லிக்கிட்டிருக்கீய. தெனமும் விடிஞ்சா அந்தச் சத்தம். அவன் வந்து எறங்குதான்னு எனக்குக் காது இன்னும் நெனைக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அது இல்லாம விடியட்டும்.”

மறுநாளும் எஞ்சின் இருமியது.

சென்ற வாரம், தீபாவளி நெருங்கிவிட்ட நிலையில், ஆலங்குளத்திலிருந்து பிச்சையா என்பவர் வந்தார். பருத்த உடல், திறந்த முகம், எதற்கும் அஞ்சாத குரல். மசூது அவரிடம் வழியிலேயே அனைத்தையும் சொல்லிவிட்டிருந்தார். அதனால் சங்கிலிப்பாண்டி தமது வரிசையைத் தொடங்கியபோது, பிச்சையா கையமர்த்தினார்.

“தெரியும் அண்ணாச்சி. பாய் சொல்லிட்டாரு. இரும்பு என்ன செய்யும்? நம்ம நேரம். எனக்கு அந்தப் பயமெல்லாம் கெடயாது. வண்டி நல்லாருக்கு, நான் எடுத்துக்கிடுதேன்.”

சங்கிலிப்பாண்டி வாயைத் திறந்தவாறே நின்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் எதிர்பாராத பதில் அது. உள்ளே குழல்வாய்மொழி பித்தளைத் தம்ளர்களைக் கழுவும் ஓசை கேட்டது. வண்டி பார்க்க வந்த எவருக்கும் அவர் தம் கையால் காபி கொண்டுவந்ததில்லை, அன்று கொண்டுவந்தார். அவர் தம்ளரை நீட்டியதை என் வாசலிலிருந்து நான் கண்டேன். “சீனி போதுமாய்யா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கெஞ்சல் இருந்தது.

பிச்சையா பெட்டியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்க முயன்றார். அது அசையவில்லை. “அடேயப்பா! இதுல்லா சாமான்! எங்க ஊருல கல்லு உடைக்காங்க அண்ணாச்சி. இந்தப் பெட்டியில ரெண்டு நடைக்குள்ளத ஒரே நடையில அடிச்சிரலாம்.”

“யாரு ஓட்டுவா?” என்று கேட்டார் சங்கிலிப்பாண்டி.

“எம் மவன்தான். பட்டாளத்துக்குப் போறேன்னு ஒரே அடம். டிராக்டர் வாங்கித் தாரேன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். ஒத்தப் புள்ள, அங்கன போயி எதுக்குச் சாவணும்?”

மசூது தரையைப் பார்த்தார். சங்கிலிப்பாண்டி மெல்லச் சொன்னார்:

“டிராக்டர மட்டும் கொண்டு போங்க. பெட்டி வேண்டாம்.”

“பெட்டிக்காகத்தானே அண்ணாச்சி வந்தேன்! நல்ல டிராக்டர் எங்க வேணாலும் கெடைக்கும். இத யாரு இப்பம் செய்யுதா?”

“வேற லேசான பெட்டியாப் பாருங்க. பிரேக் வச்சது வருது.”

“லேசானதா? அது எத்தன நாளைக்கு நிக்கும்? ஒரு தடவ வாங்குதோம், ஆயுசுக்கும் இருக்கணும்லா?” என்று சிரித்தபடியே, ஓட்டிப் பார்ப்பதற்காக டிராக்டரின் படியில் கால் வைத்தார் பிச்சையா. கதவோரத்தில் காலித் தட்டுடன் நின்ற குழல்வாய்மொழி, கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கிலிப்பாண்டி மனைவியின் பக்கம் திரும்பவில்லை. நிரம்பிய பேருந்தில் சன்னல் வழியே இடம் பிடிப்பவரைப் போல, தோளில் கிடந்த துண்டை உருவி, எட்டி, பிச்சையா உட்காருமுன் ஓட்டுநர் இருக்கையின்மேல் விரித்தார்.