பிளிகேஷன் என்ற சொல்

திரைச்சீலைக் கடையில் அவளுக்குச் 'சுருக்கு' என்று பெயர். ஜன்னல் திரைகளுக்குச் சுருக்கு வைத்துத் தைப்பது வேலை. பேச்சும் சுருக்கென்று தைக்கும். இழுத்தடிக்கும் வாடிக்கையாளர்களை முதலாளி அவளிடம்தான் தள்ளிவிடுவார். கல்யாணமாகி நெடுநாள் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியபோதுதான் அந்த வாய் கொஞ்சம் அடங்கியது.

பிரசவம் லேசில் முடியவில்லை. தோள் சிக்கிய பிள்ளையை இழுத்துத்தான் எடுத்தார்கள். அதில் கழுத்து நரம்பு ஒன்று அடிபட்டுவிட்டது. பையனுக்கு மூச்சு தானாக ஓடவில்லை. வாயில் குழாய், மார்பில் ஒயர்கள். குழாயை எடுத்துப் பார்ப்பார்கள், உதடு நீலம் பாரிக்கும், மறுபடி மாட்டுவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்ப்பாள். முகம் கோணுவதை வைத்துத்தான் அழுகிறான் என்று தெரியும். குழாய் இருக்கும்வரை சத்தம் வராது.

ஒருநாள் காலை அவள் பால் பீய்ச்சிக் கொடுக்கப் போயிருந்தாள். சின்ன டாக்டர் ஒருவர் நடந்துகொண்டே அவள் கணவரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கணவர் வெல்டர், பட்டறை இரைச்சலில் பாதிக் காது போனவர். அவர் காதில் விழுந்தது 'காம்ப்ளிகேஷன்'. அந்தச் சொல்லை முன்பு ஒரே ஒருமுறை கேட்டிருந்தார், பிரசவத்துக்குப் போன தங்கை உயிரோடு திரும்பாத அன்று.

அவள் வந்தபோது சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"காம்ப்ளிகேஷனாம். கை விட்டுட்டாங்க."

"யார் சொன்னா?"

"டாக்டர்தான். போதும்மா, அந்தப் பிஞ்சை இன்னும் எவ்வளவு குத்துவாங்க? குழாயை எடுத்துடச் சொல்றேன். கொஞ்ச நேரமாவது உன் மடியில இருக்கட்டும்."

அவரைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து அவள் பிள்ளையை ஒருமுறைகூட மடியில் வைத்ததில்லை. மடி என்றதும் உடம்பெல்லாம் அதையே கேட்டது. தலையை ஆட்டிவிட்டாள்.

இருவரும் போய்ச் சொன்னதைக் கேட்டு நர்ஸ் திகைத்தாள்.

"எடுக்கிறதா? நாளைக்கு ஆபரேஷன்னு உங்ககிட்ட சொல்லலையா? அது காம்ப்ளிகேஷன் இல்லம்மா, பிளிகேஷன்!"

பெரிய டாக்டரம்மா வந்தார். கோட்டுப் பையில் கிடந்த ஆபரேஷன் துணித் தொப்பியை எடுத்து விரித்து, பேசிக்கொண்டே விரலால் மடிப்பு மடிப்பாகச் சுருக்கிக் காட்டினார்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை இருக்கு. நரம்பு அடிபட்டதால ஒரு பக்கம் தொளதொளன்னு மேலேறி நுரையீரலை அமுக்குது. அதை மடிச்சு மடிச்சுத் தைச்சு இறுக்கிடுவோம். பிளிகேஷன்னா மடிப்புன்னு அர்த்தம். எங்க மடிச்சுத் தைச்சாலும் இதே பேர்தான். சிலருக்கு இரைப்பையிலகூட பண்ணுவோம்."

அவள் அந்தத் துணியையே பார்த்தாள்.

"தையல் பிரிஞ்சுட்டா?"

"பிரியலாம். அதனாலதான் கரையாத நூல் போடுவோம்."

"வளர வளர இழுக்காதா?"

"பெரும்பாலும் இழுக்காது. கவனிச்சுட்டே இருக்கணும்."

"பிழைச்சுடுவானா?"

டாக்டரம்மா தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார். "முயற்சி பண்றோம்மா. அதுக்கு மேல இப்ப சொல்லத் தெரியல."

ஆபரேஷன் முடிந்தும் விடிவு வரவில்லை. குழாயை எடுத்ததும் மூச்சு திணறியது, திரும்ப மாட்டினார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாலும் வற்றத் தொடங்கியது. தானும் தலையாட்டியதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நம்பினாள், யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த முறை எடுத்தபோது நீலம் பாரிக்கவில்லை. பூனைக்குட்டி கத்துவதுபோல் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. நர்ஸ் அவனைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். அவளுக்கு இறுகப் பிடிக்கவும் பயம், விடவும் பயம்.

கணவர் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

வீட்டுக்கு வந்த பின்னும் அவர் பிள்ளையைத் தூக்குவதில்லை. மருந்து வாங்கி வருவார், துணி அலசுவார், சளி பிடித்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். தூக்கச் சொன்னால் "கையெல்லாம் கரி" என்பார், குளித்துவிட்டு வந்த பிறகும். எவ்வளவு சண்டை வந்தாலும் குழாயை எடுக்கச் சொன்ன அந்தக் காலையை அவள் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிவிட்டால் தேவலை என்றிருக்கும் அவருக்கு.

பையன் இப்போது குப்புற விழுகிறான். மாலையில் பட்டறையிலிருந்து வரும் அப்பாவின் பூட்ஸ் சத்தம் கேட்டால் கழுத்தைத் திருப்பி வாசலையே பார்க்கிறான்.