மூடியைத் திறக்கும் முன்

மின்புத்தகம் போடுகிறவர்களுக்குப் பிழை வந்தால் மானம்தான் போகும். தொழில்நுட்ப மின்புத்தகம் போடுகிறவர்களுக்கோ வாசகரின் உயிரே போய்விடுமோ என்று பயம். என்னோடு இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, கேளுங்கள்.

முன்னுரை

பழனிவேல் சார் ஓய்வுபெற்ற மின் பொறியாளர். தில்லி துவாரகாவில் வீடு. வீட்டு இன்வெர்ட்டரை நாமே பழுதுபார்ப்பது பற்றித் தமிழில் எழுதிக் கொடுத்தார். மின்புத்தகம் படிக்கும் ரீடர் கருவியில் புத்தகத்தைத் திறந்தால் நேரே முதல் அத்தியாயம் வர வேண்டும் என்பது எங்கள் பதிப்பகத்தின் வழக்கம். தன் முன்னுரைதான் முதலில் வர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சிறுவயதில் பார்த்த முதல் பல்பிலிருந்து தொடங்கும் நெடுங்கதை அது. பாதியையாவது வெட்டலாமா என்று கெஞ்சினேன்.

"முன்னுரையைப் படிக்கப் பொறுமை இல்லாதவன் இன்வெர்ட்டரைத் தொடவே வேண்டாம்மா!"

பரிசோதனை

முன்னுரை ஒரு வரிகூட வெட்டாமல் முதலில் போனது. ஆபத்தான இடங்களில் எல்லாம் பக்கத்தின் அடியில் எச்சரிக்கைக் குறிப்பு வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ரீடரிலும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றேன். எங்கள் முதலாளி தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் பாதி இந்தி, அவசரக்காரர்.

"ஸ்கிரீன்ல அச்சா, நல்லா தெரியுதில்ல? ஜல்தி ஏத்துங்க மேடம்!"

மெட்ரோவில்

புத்தகம் விற்பனைக்கு வந்த காலை, மெட்ரோவில் நின்றபடி என் ரீடரில் திறந்தேன். பகீரென்றது. எழுத்தளவுக்கு ஏற்பப் பக்கம் மாறும் கருவியில் பக்கத்தின் அடி என்று ஒன்று கிடையாதே! குறிப்புகள் அத்தனையும் அத்தியாயத்தின் கடைசிக்குப் போயிருந்தன. 'மூடியைத் திறக்கவும்' முதலில் வந்தது. 'அதற்கு முன் மெயினை அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றவும்' என்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பழனிவேல் சாரே கூப்பிட்டார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு குஷி.

"மாப்பிள்ளை புக்கை வாங்கிட்டாரும்மா! பேங்க் வேலை, ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது. இப்ப வீட்ல தனியா உட்கார்ந்து, அதைப் பார்த்தே இன்வெர்ட்டரைத் திறக்கப்போறார்!"

மாப்பிள்ளை

விஷயத்தைச் சாரிடம் சொன்னேன். மாப்பிள்ளை நம்பரை வாங்கி நானே அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. நான் திரும்பத் திரும்ப நம்பரை அழுத்துவதைப் பார்த்து ஒரு பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். உட்காரத் தோன்றவில்லை. ஒருவழியாக மாப்பிள்ளை எடுத்தார். "திறந்துட்டீங்களா?" என்று கத்தினேன். மெட்ரோ பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஸ்குரூடிரைவர் கையில்தான் இருக்கிறது, முதல் அத்தியாயத்துக்கே இன்னும் வரவில்லை என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நேரமா முன்னுரை படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தாண்டிப் போக முடியாதுங்களே மேடம், மாமா வந்ததும் அதுல கேள்வி கேட்பாரு!"

விற்பனையை நிறுத்தி, எச்சரிக்கைகளை மூடிக்கு முன்னால் கொண்டுவந்து மறுபடி வெளியிட்டோம். அதன்பிறகு எந்த ஆசிரியரின் முன்னுரையிலும் கைவைக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.